பிடிச்சேன் என்று சொல்லும்வரை விடாதே

இன்னும் பெயர் வைக்கப்படாத என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது; பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வயதில் ஒருத்தி மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தெரிந்தால் வகுப்பே சிரிக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் சொன்னால் அப்பாவுக்குக் கஷ்டம், அம்மாவிடம் சொன்னால் அம்மாவின் தம்பிக்குக் கஷ்டம், சொல்லாவிட்டால் ஊருக்கே கஷ்டம். அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ வளர்ந்து, மீசை முளைத்து, வேலைக்குப் போகிற ஆளான பிறகு இதைப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகு ஒரு நாள் உனக்குப் புத்தி சொல்ல நான் இல்லாமல் போனாலும், சொல்ல வேண்டியது இதில் இருக்கட்டும்.

விஷயம் இதுதான். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் அறைக்குள் இன்று சாயங்காலத்திலிருந்து ஒன்பது மூட்டை கருந்திரி இருக்கிறது. பட்டாசுக்குள் வைக்கிற திரி அது. ஒரு பொறி போதும். காலை ஐந்து மணிக்கு என் அப்பா மோட்டார் போடப் போவார். அவர்தான் தொட்டி ஆபரேட்டர். அறைக்குள் பல்பு போய்ப் பல நாள் ஆகிறது. வாசலில் நின்றபடியே கையை உள்ளே நீட்டி ஸ்விட்சைத் தட்டுவார். தட்டும்போது ஸ்டார்ட்டர் பெட்டியில் நீலமாகப் பொறி தெறிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூட்டைகள் உள்ளே இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் கூடத்தில் தூங்குகிறார்கள். எழுதி முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட வேண்டும். அதற்கு அந்தத் தொட்டி எப்படி எழுந்து நின்றது என்பதை ஒரு தடவை முழுதாக நினைத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீயும் கூட இரு.

ஆமத்தூரிலிருந்து சிவகாசிப் பக்கம் போகிற சாலையில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். மேற்குத் தெரு, கிழக்குத் தெரு என்று இரண்டே தெரு. நாங்கள் மேற்கு. இரண்டு தெருக்காரர்களும் ஒரே கம்பெனிகளில் பட்டாசு வேலை பார்ப்பார்கள், ஒரே வேனில் போவார்கள், ஊருக்குள் வந்து இறங்கியதும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள். பழைய தொட்டி மேற்குத் தெருவின் கடைசியில் நான்கு கால்களில் நின்றது. அதன் பின்னால் ஒரு தகரச் செட் இருந்தது. வெளியே பூட்டு தொங்கும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் வாண வெடி செய்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் வருகிற நாளில் மோட்டார் போட நான்தான் போவேன். செட்டின் வாசற்படியில் வெள்ளி நிறத்தில் பொடி சிந்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெடிமருந்து வாடை எனக்குத் தெரியும். ஒரு நாள் உள்ளேயிருந்து வந்தது என் மாமா, அம்மாவின் தம்பி.

"ஏ மருமகளே, பாத்தத அப்பா காதுல போட்டுறாத என்ன? மாமன் பொழப்பு இது" என்றார்.

அடுத்த வாரம் இருக்கன்குடிக் கோயில் கடையில் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தார். வளையலுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காதே. எனக்கு மாமாவைப் பிடிக்கும். என்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்து வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர். பிடித்தவர்கள் செய்வது தப்பாக இருக்காது என்று அப்போது நம்பினேன். மகனே, இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் ஒப்புக்கொள்கிற முதல் தப்பு அது.

நான் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தச் செட் வெடித்தது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. கரும்பலகை சுவரோடு சரிந்து எங்கள் முன்னால் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் பேப்பர் மேல் சர்க்கரை போலச் சிதறிக்கிடந்தது. வெளியே ஓடி வந்து பார்த்தால் தொட்டிக்கு மூன்று கால்தான் இருந்தது. அது மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, வாய் பிளந்து, இருந்த தண்ணீர் முழுவதையும் எரிகிற செட்டின் மேலேயே கொட்டியது. உள்ளே இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். மாமா அன்று சாத்தூருக்குப் போயிருந்தார், பிழைத்தார். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த கிழக்குத் தெரு பாண்டியம்மாக்காவுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அவர் அம்மாவோடு ஒரே கம்பெனியில், ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இன்றைக்கும் மடங்காது. அதன்பிறகு கம்பெனியில் அவருக்கு வேலை இல்லை.

தொட்டி போனதும் என்ன போனது என்பது எங்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு நின்றது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. லாரி எந்தத் தெருவில் முதலில் நிற்பது என்பதில் சண்டை வந்தது. முதலில் குடம் உடைந்தது, பிறகு ஒருவர் மண்டை உடைந்தது, பிறகு ஊருக்கு வந்த ஒரே பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. பஸ் வருவது நின்றது. கிழக்குத் தெருவுக்குப் போன குழாயை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெட்டிவிட்டார்கள். ஊர் முனையில் போலீஸ் உட்கார்ந்தது. வெடி ஒரு தொட்டியைத்தான் உடைத்தது. மீதி எல்லாவற்றையும் நாங்களே உடைத்தோம்.

புதுத் தொட்டிக்கு உத்தரவு வந்தும் கட்ட முடியவில்லை. எங்கே கட்டுவது என்று கூட்டம் போட்டால் இதுதான் நடக்கும்:

"ஒங்க தெருவுல வச்சா வால்வ அடைச்சிட்டு எங்கள வேடிக்க பாப்பீக."

"ஒங்க தெருவுல வச்சா மட்டும் தேனா ஊத்திருவீகளாக்கும்?"

"போன தடவ ஒங்க பக்கந்தான இருந்துச்சு? பத்திரமா வச்சிருந்தீகளே, பாத்தோம்ல!"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு புதிதாக ஒரு ஓவர்சியர் வந்தார். பெண். தலையில் தொப்பி, தோளில் பை, பேச்சில் மதுரை. இரண்டு தெருவின் பேச்சையும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்லிட்டீங்க. இனி மண்ணு சொல்லட்டும்" என்றார். மேற்கில் ஒரு குழி, கிழக்கில் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டச் சொன்னார்.

அந்தக் குழியை நீ பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாள் நான் நடந்து திரிந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே கரிசல், கன்னங்கரேல் என்று ஆள் உயரத்துக்கு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். கிழக்கிலும் மேற்கிலும் அது போய்க்கொண்டே இருந்தது. நடுக்குழியில் மட்டும் கரிசல் முடிந்து, வெள்ளையாகச் சுக்கான்கல் வந்து, அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. ஓவர்சியர் குழிக்குள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாறைமேல் வெறுங்காலோடு நின்றார். "இது அசையாது. உங்க சண்டையெல்லாம் மேல இருக்கிற கரிசலோட சரி" என்றார். இரண்டு தெரு ஆட்களும் குழியின் இரண்டு பக்கமும் நின்று எட்டிப் பார்த்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அடியில் ஒரே பாறை இத்தனை நாளாகச் சும்மா கிடந்திருக்கிறது.

அதன்பிறகு நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தேன்; பாடத்தைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன். கம்பி கட்டினார்கள். ஆறு கால்கள் எழுந்தன. தரையில் ஒரு மனிதன் கையால் முறுக்குகிற சின்னக் கட்டுக்கம்பி, ஆயிரம் இடத்தில் முறுக்கினால், மேலே பத்து லாரித் தண்ணீரைத் தாங்கும் என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. எந்த ஒரு முறுக்குக்கும் தனியாக அந்தப் பலம் கிடையாது. கட்டுபவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒன்றைக்கூட அவர் அரைகுறையாக முறுக்கவில்லை. நீ என்ன வேலை பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த மனிதரைப் போலப் பார்.

இனி, காங்கிரீட் போட்ட நாளைச் சொல்கிறேன். போன வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்குக் கூட்டம் போகிற நாள்; கம்பெனி எல்லாம் லீவு. இரண்டு தெருப் பெண்களும் மஞ்சள் சேலை கட்டி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தனித்தனி வேனுக்காகத் தனித்தனியாக நின்றார்கள். அந்தப் பக்கம் விடியற்காலையிலேயே கால்களின் மேல் தொட்டியின் அடித்தட்டுக்குக் காங்கிரீட் போட ஆரம்பித்திருந்தார்கள். மிஷின் கலக்கும், லிஃப்ட் மேலே தூக்கும், மேலே ஆட்கள் பரப்புவார்கள். ஒன்பது மணி இருக்கும். லிஃப்ட்டின் கம்பிவடம் அறுந்து, சாந்து ஏற்றுகிற தொட்டில் கீழே விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மேஸ்திரி, ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாதியில நிக்கக் கூடாதுங்க மேடம். பழசு எறுகிப் போச்சுன்னா புதுசு அதோட ஒட்டாது. ஒட்டுன எடத்துல ஆயுசுக்கும் ஒழுகும்" என்றார். எத்தனை நேரம் இருக்கிறது என்று ஓவர்சியர் கேட்டார். "இந்த வெயிலுக்கு முக்கா மணி நேரம்."

ஓவர்சியர் திரும்பி, வேனுக்கு நின்ற பெண்களைப் பார்த்தார். சாரத்தைச் சுற்றி மேலே போகிற பலகைச் சரிவையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். என் அம்மா முதலில் அசைந்தார். சாரத்தின் அடியில் போய் நின்று, குனிந்து கால் கொலுசைக் கழற்றினார். சேலை ஊக்கைக் கழற்றினார். தலையில் இருந்த ஹேர்பின்னை உருவினார். பின்னாலேயே ஒருத்தி, இன்னொருத்தி. இரண்டு தெருப் பெண்களும் கழற்றிக் கழற்றி ஒரு துண்டின்மேல் போட்டார்கள். கம்பெனிக்குள் நுழையும்போது இரும்பு, வெள்ளி எதுவும் மேலே இருக்கக் கூடாது. உரசினால் பொறி வரும். கனமான வேலைக்குள் நுழைகிறோம் என்றால் அவர்கள் கை தானாக அதைச் செய்துவிடும்.

மேஸ்திரி எழுந்து வந்து பார்த்தார். "இது என்னம்மா, சாந்து தூக்க வந்தீகளா, அடகுக் கடை தொறக்கீகளா?"

"சும்மா இருங்கண்ணே. சட்டியக் குடுங்க" என்றார் அம்மா.

தரையிலிருந்து உச்சிவரை பலகைச் சரிவில் வரிசை நின்றது. யார் எந்தத் தெரு என்று பார்த்து நிற்க நேரம் இல்லை; வந்த வரிசையில் நின்றார்கள். நானும் பாதி உயரத்தில் நின்றேன். எனக்கு மேலே நின்றது பாண்டியம்மாக்கா. "கை முடியுமாக்கா?" என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள். "வெரலுதான் மடங்காது. கை நிக்கும்ல?" என்று இரண்டு முன்னங்கைகளையும் பலகை போல நீட்டிக் காட்டினார்.

சட்டிகள் ஏறத் தொடங்கின. மெதுவாக ஏறின. மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார். "எறிங்கம்மா, எறிங்க! ஒருத்தி எறிஞ்சு ஒருத்தி பிடிச்சாத்தான ஓடும்? சட்டிக்குத் தாலாட்டா பாடுறீக?"

"நாங்க எறிய மாட்டோம்ண்ணே" என்று அம்மா மேலேயிருந்து சொன்னார். "எறிஞ்ச கை எங்க ஊர்ல மிச்சம் இருக்காது."

மகனே, அம்மாவின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துத் தட்டை ஒருத்தி அடுத்தவளிடம் கொடுக்கும்போது எறிய மாட்டாள், இழுக்க மாட்டாள், தரையில் உரச விடமாட்டாள். வாங்குகிறவள் 'பிடிச்சேன்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிறவள் கையை எடுப்பாள். அவசரத்தில் ஒருத்தி பிடித்துவிட்டாள் என்று இன்னொருத்தி நினைத்து விட்டுவிட்டால், நடுவில் விழுவது தட்டு மட்டும் இல்லை. அந்த வழக்கத்தோடுதான் அன்று சிமெண்டும் ஏறியது. ஈரச் சாந்து வெடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பிடிச்சேன், பிடிச்சேன், பிடிச்சேன் என்று கீழேயிருந்து மேலே அந்தச் சொல் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் அரைமணி நேரம் மெதுவாகத்தான் இருந்தது. பிறகு மேஸ்திரி கத்துவதை நிறுத்திவிட்டார். எறிந்து பிடிக்கிற வரிசையில் பத்துக்கு ஒன்று சிந்தும், ஒருத்தர் கால் வழுக்கும், வரிசை நிற்கும். இந்த வரிசை நிற்கவே இல்லை. மத்தியானம் ஆனது, வேன்கள் காத்திருந்து போய்விட்டன, மஞ்சள் சேலை எல்லாம் சாம்பல் நிறமானது. பாண்டியம்மாக்கா ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, "பிடிச்சேன் தாயி" என்றார். அந்தக் கைகள் ஏன் அப்படி ஆயின என்று தெரிந்தவள் நான். செட் இருப்பதை நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு விரல்கள் இருந்திருக்கும். அத்தனை சட்டியும் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்க முடியவில்லை. அது நான் செய்த இரண்டாவது தப்பு.

பொழுது சாயும்போது கடைசிச் சட்டி போனது. மேஸ்திரி பலகைச் சரிவின் முழு நீளத்துக்கும் நடந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஓவர்சியரிடம் தாழ்ந்த குரலில், "மேடம், ஒரு கையளவு சிந்தல" என்றார். பெண்கள் துண்டைப் பிரித்து அவரவர் கொலுசைத் தேடினார்கள். இரண்டு தெருக் கொலுசும் கலந்து கிடந்தது. "ஏ, இது ஓங்கொலுசா? இம்புட்டுக் கனமா?" "ஆமா, எங்க வீட்டுக்காரரு தலைய அடகு வச்சு வாங்குனது, குடுத்துரு" என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் ஊருக்குள் கேட்டதில்லை. கம்பெனி வேனுக்குள் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அடியில் இருந்த முட்டுகளைப் பிரித்தார்கள். ஒவ்வொரு கம்பாக உருவ உருவ நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கம்பையும் எடுத்தாயிற்று. அது நின்றது. கீழே வெறும் காற்று, மேலே அவ்வளவு பாரம். பக்கச் சுவர்களும் எழுந்த பிறகு, தை மாதம் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். அப்பா மோட்டாரைப் போட்டதும் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் ஏறுகிற குழாயில் காதை வைத்தோம். உள்ளே தண்ணீர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். எவ்வளவு பெரிய ஆட்களெல்லாம் குழந்தைகள் போல வரிசையில் நின்று காதை வைத்தார்கள் தெரியுமா! ஏழு நாள் தண்ணீரை நிறுத்தி வைத்தார்கள். எட்டாம் நாள் ஓவர்சியர் ஏணியில் ஏறி, தொட்டியின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து நெடுகத் தடவிக்கொண்டே போனார். இறங்கி வந்து கையை விரித்துக் காட்டினார். காய்ந்திருந்தது. அன்றைக்கே இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் வால்வு திறந்தது. அடுத்த மாதம் பஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் திரும்ப உலை கொதித்தது. பாண்டியம்மாக்கா பள்ளிக்கூடச் சமையலுக்கு உதவியாக வந்துசேர்ந்தார்.

நீ ஊர் ஊராகப் போவாய். பாலத்தின்மேல் பஸ் போகும், நீ தூங்கிக்கொண்டிருப்பாய். குழாயைத் திருகுவாய், தண்ணீர் வரும். அப்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று யோசி. உன்னைத் தெரியாத எத்தனை பேர் எத்தனை தடவை 'பிடிச்சேன்' என்று சொல்லி இதை உன் கைவரைக்கும் கொண்டுவந்தார்கள் என்று.

இப்போது புரட்டாசி. தீபாவளி சீசன். இன்று சாயங்காலம் அப்பா வால்வு சாமான் வாங்க விருதுநகர் போயிருந்தார். அம்மா கம்பெனியில் ஓவர்டைம். மாமா வந்தார். "மருமகளே, மோட்டார் ரூம் சாவியக் குடு, ஒரு சாமான் வச்சிட்டு வாரேன்" என்றார். ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனது கேட்காமல் பின்னால் போனேன். அறை வாசலிலேயே அந்த வாடை. தார்ப்பாய்க்குக் கீழே மூட்டைகள். எண்ணினேன், ஒன்பது.

"ஒரு ராத்திரிதான் தாயி. ரெய்டு வருதுன்னு சொல்றாக. காலைல நாலு மணிக்கு வண்டி வந்து எடுத்துரும்."

"அஞ்சு மணிக்கு அப்பா மோட்டார் போடுவாக மாமா."

"அதான் நாலுக்கே எடுத்துருவோம்ல? நீ வாயத் தொறந்தா ஓங்கப்பனத்தான் பிடிச்சிட்டுப் போவாக. சாவி அவரு பேருலதான இருக்கு?" சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டிக்காரர்களுக்காகப் பூட்டைப் பூட்டாமல் சும்மா மாட்டி, சாவியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மாமா கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னை மாதிரியே.

மணி நான்கு அடித்து இருபது நிமிஷம் ஆகிறது. காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். வண்டிச் சத்தம் எதுவும் வரவில்லை. அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. எழுதுவதை நிறுத்துகிறேன். அம்மாவை எழுப்பப் போகிறேன்.

இப்போது நன்றாக விடிந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவின் தோளைத் தொட்டதும் கண் திறந்தார். என்னால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. மோட்டார் ரூம், மாமா, சாவி, நான்தான், நான்தான் என்று திக்கினேன். என்னை ஓங்கி அறைவார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"எத்தன மூட்ட?"

"ஒம்போது."

"காஞ்ச திரியா?"

தலையை ஆட்டினேன். அம்மா எழுந்து உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். கம்பெனியில் தட்டை வாங்குகிற அதே நிதானம்.

"பிடிச்சேன்" என்றார். "நீ விடு."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா அழ நேரம் தரவில்லை. அப்பாவை எழுப்பிச் சொன்னார். அப்பா, "நான் இப்பப் போயி சுச்சுல கைய..." என்று ஆரம்பித்து முடிக்காமல் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு எழுந்து ஓடி, வெளியே கம்பத்துப் பெட்டியில் இருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கினார். அறைக்குக் கரண்ட் வரும் வழி அற்றுப்போனது. அம்மா கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போய்ப் பாண்டியம்மாக்காவின் கதவைத் தட்டினார். அங்கிருந்து ஆறு பேர், எங்கள் தெருவில் ஐந்து பேர். யாரும் விளக்கு எடுக்கவில்லை, செல்போன் எடுக்கவில்லை. வானம் வெளுக்கிற வெளிச்சமே போதுமாக இருந்தது. அப்பா கையால் வால்வைத் திறந்தார். நாங்கள் சட்டி சட்டியாகச் சுமந்து கட்டிய தொட்டியின் தண்ணீர், மோட்டார் இல்லாமலே, தன் உயரத்தால் மட்டும் குழாய் வழியாக இறங்கி வந்து மூட்டைகளை நனைத்தது. ஊறும்வரை நனைத்தோம். பிறகு ஓடைப் பள்ளம்வரை வரிசை நின்றோம்.

எறியவில்லை. இழுக்கவில்லை. பிடிச்சேன், பிடிச்சேன் என்று மெல்லிய குரலில் ஒன்பது மூட்டையும் போயின. எனக்கு அடுத்து மறுபடியும் பாண்டியம்மாக்கா. ஏழாவது மூட்டையை நீட்டும்போது சொல்லிவிட்டேன். "அக்கா, பழைய செட்டும் எனக்குத் தெரியும். அப்பவே தெரியும். சொல்லல."

ஈர மூட்டை எங்கள் இருவரின் கைகளிலும் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது.

"அத இன்னொரு நா பேசுவோம்" என்றார். "இப்ப மூட்டையப் பிடிச்சேன். விடு."

மன்னித்துவிட்டார் என்று நான் உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு நாள் வரும். அவர் வீட்டு வாசலுக்கு நான்தான் போக வேண்டும். மாமாவை அம்மா அவர் வீட்டிலிருந்தே அழைத்து, முதல் பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பஸ் ஏறும்போது மாமா, "அக்கா, நெசமாவே விட்டுட்டுத்தான் வருவியா?" என்றார். "ஒன்னய விடாமப் பிடிச்சிருக்கதாலதான்டா கூட்டிட்டுப் போறேன், ஏறு" என்றார் அம்மா. அப்பாவும் கூடப் போயிருக்கிறார், சாவியோடு. அவருக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொட்டி தெரிகிறது. ஆறு காலில் நிற்கிறது. அடிவயிற்றில் ஒரு சொட்டுக்கூட ஈரம் இல்லை.

இந்தத் தாள்களை மடித்து என் சர்டிபிகேட் பைக்குள் வைக்கிறேன். நீ பிறந்து, வளர்ந்து, கேட்க வருகிறவரை இதன் மறு முனையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். வாங்கியதும் அந்த ஒரு சொல்லை வாய் திறந்து சொல். அதுவரை என் கையை எடுக்க மாட்டேன்.

உன் அம்மா